இரண்டாவது சரணம்

மேடை மைக்கின் தலையில் மாட்டியிருக்கும் கறுப்புப் பஞ்சுக்கு ஒரு நாற்றம் உண்டு. வெற்றிலை, பாக்கு, இருமல் மிட்டாய், முந்தின நாள் யாரோ குடித்துவிட்டு வந்த பிராந்தி, ஏழெட்டுப் பேரின் எச்சில். எல்லாம் ஒன்றாகக் காய்ந்து, அடுத்தவர் மூச்சுப் பட்டதும் மறுபடி ஈரமாகி எழும்பும். அந்தப் பஞ்சுக்கு இரண்டு விரற்கடை தள்ளி வாயை வைத்து ரோஸ்மேரி பத்து வருஷம் பாடினாள். முதல் நாள் குமட்டிக்கொண்டு வந்தது. "பழகிரும் கண்ணு" என்றார் குழுவை நடத்தும் ஆறுமுகசாமி. பழகித்தான் போயிற்று. இப்போது நினைத்தால் அந்த நாற்றத்தைவிட, அது பழகிப்போனதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ரோஸ்மேரியின் அப்பா ஆரோக்கியராஜ் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வேலை தேடித் திருப்பூருக்கு வந்தவர். பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நாளெல்லாம் நீராவிப் பெட்டியைப் பிடித்துப் பிடித்து வலது உள்ளங்கை மட்டும் வேறொருவர் கைபோலத் தடித்துக் கிடக்கும். அம்மா, ரோஸ்மேரி எட்டாவது படிக்கும்போது இறந்துவிட்டாள். அதன் பிறகு அவள் வாய்விட்டு அழுததை யாரும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடகர் குழுவோடு நின்று பாடியதைத்தான் பார்த்தார்கள். அவள் பாடினால் முன்வரிசையில் முக்காடு போட்டிருக்கும் பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொள்வார்கள். ஸ்வரம் எதுவும் அவள் படித்ததில்லை. வயிற்றிலிருந்து இழுத்துத் தொண்டையில் ஒரு கணம் நிறுத்தி விடுவாள், அவ்வளவுதான்.

பள்ளி முடித்ததும் செக்கிங் வேலைக்குப் போனாள். தைத்து வரும் பனியனைத் திருப்பிப் போட்டு, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்த்து, பழுதிருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. அஞ்சல் வழியில் பி.ஏ. படித்தாள். பட்டச் சான்றிதழ் வந்த அன்று அப்பா அதைப் பிளாஸ்டிக் உறையோடு சேர்த்து அயர்ன் பண்ணப் பார்த்தார். அந்த வீட்டில் முதல் பட்டதாரி. பட்டம் வாங்கிய பிறகும் அவள் அதே மேசையில் அதே அம்புக்குறிதான் ஒட்டினாள். மேற்பார்வைக்காரன் மட்டும் "டிகிரி" என்று கூப்பிட ஆரம்பித்தான்.

பதினெட்டு வயதில் ஒரு கல்யாண வரவேற்பில் அவளைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு ஆறுமுகசாமி தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். கந்தலயா இன்னிசைக் குழு என்றால் அவிநாசியிலிருந்து காங்கேயம் வரைக்கும் தெரியாத ஆள் கிடையாது. தேர்த் திருவிழாவா, கம்பெனி ஆண்டு விழாவா, கந்தலயாவிடம் தேதி வாங்கிய பிறகுதான் பத்திரிகையே அடிப்பார்கள். ஆறுமுகசாமி பரம்பரையாகத் தறி நெய்த குடும்பம். நெற்றியில் திருநீறு அழியாது. யாரையும் 'நீ' என்று அதட்டியதில்லை. "கோயில் மேடைல ரோஸ்மேரின்னா ஒரு மாதிரி இருக்கும் கண்ணு. ரோஜான்னு சொல்லிக்கலாமுங்களா?" என்று அனுமதி கேட்டுத்தான் பெயரையே மாற்றினார். அவர் குரலில் இருந்த மரியாதைக்கு மறுப்புச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பத்து வருஷமும் கந்தலயா ரோஜாவாகவே இருந்தாள்.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஊரில் எந்த விழா என்றாலும், அதற்கு உபயம் செய்தவர்கள் பெயரை மைக்கில் வாசித்தாக வேண்டும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வாசித்தால் கூட்டம் எழுந்துவிடும். பாட்டு தொடங்கும்போது வாசித்தால் பாட்டு கேட்க வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆறுமுகசாமி கண்டுபிடித்த இடம் இரண்டாவது சரணம். பல்லவி போய், முதல் சரணம் போய், பாட்டு ஜனங்களுக்குப் பிடிபட்டிருக்கும் நேரம். துண்டுச் சீட்டுகள் ஒரு தட்டில் அவர் பக்கத்தில் இருக்கும். இடது கையை உயர்த்துவார். சவுண்டுக்காரர் அவள் மைக்கைக் குறைப்பார். அவள் அரையடி பின்னால் நகர்ந்து, வாத்தியக்காரர்கள் தாளம் தப்பாமல் இருக்க வரியை முணுமுணுத்துக்கொண்டு நிற்க வேண்டும். "நூல் மில் அதிபர், கொடை வள்ளல்..." என்று அவர் தொடங்குவார். கையை இறக்கியதும் அவள் முன்னால் வந்து பல்லவியை எடுக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எல்லாக் குழுக்களும் இந்த முறையைப் பார்த்துப் படித்துக்கொண்டன. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அதை ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது சித்ராதேவியின் போன்.

சித்ராதேவி அதே செக்கிங் மேசையில் எதிரே உட்கார்பவள். ஒரு மதியம் சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்தாடி, உன் பாட்டு நாலு லட்சம் பேர் பாத்திருக்கான்" என்று போனை நீட்டினாள். ரோஸ்மேரி காதில் மாட்டிக் கேட்டாள். முதல் சரணம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது சரணத்தில் காதர்பேட்டை மொத்த வியாபாரி ஒருவர் பெயரும், அவர் மச்சினர் பெயரும், வட்டச் செயலாளர் பெயரும் வந்தன. திரையின் ஓரத்தில் ஜிகினாச் சேலை கட்டிய ஒருத்தி வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சீட்டுல ஒனக்கு எடம் இல்லையாக்கும்?" என்றாள் சித்ராதேவி, ஊறுகாயை நக்கிக்கொண்டே. வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

அன்று வீட்டுக்குப் போய்க் குழுவின் வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அறுபதுக்கு மேல் இருந்தன. நேராக இரண்டாவது சரணத்துக்கே தள்ளிப் பார்த்தாள். தாலாட்டு, காதல், ஒப்பாரி மாதிரி வரும் சோகப் பாட்டு. எல்லாவற்றிலும் அந்த இடத்தில் யாரோ ஒரு அதிபர், யாரோ ஒரு வள்ளல். ஒன்றில்கூட அவள் குரல் இல்லை. பத்து வருஷத்துப் பாட்டைத் திருப்பிப் போட்டு அம்புக்குறி ஒட்டச் சொன்னால் ஒரே இடத்தில்தான் ஒட்ட வேண்டியிருக்கும். தினம் எண்ணூறு பனியனில் பழுது கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இது ஏன் இத்தனை நாள் படவில்லை? படவில்லையா, பார்க்க மனசில்லையா? அந்தக் கேள்வி நாக்கில் ஏதோ ஒட்டிக்கொண்டது மாதிரி இருந்தது.

அடுத்த நாள் ஆறுமுகசாமியின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி மருதம்மாள் காபி கொடுத்தார். ஆறுமுகசாமி ஊஞ்சலில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார்.

"ஒரு பாட்டுலயாவது ரெண்டாவது சரணத்துல பேரு வாசிக்காம இருக்கலாமில்லீங்களா அண்ணா?"

"இருக்கலாங் கண்ணு. இருந்து?"

"நான் பாடறது கேக்கும்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. "யாருக்குங் கண்ணு கேக்கோணும்? ரெண்டாவது சரணம் வந்தா சனம் எந்திரிச்சு டீக்கடைக்குப் போகுது. அந்தச் சமயத்துல பேரு வாசிச்சாத்தான் பேருக்குரியவனாவது உக்காந்திருப்பான். ஏன், உங்கொப்பனே எந்திரிச்சுப் போவாப்டி. நாம் பாத்திருக்கறேன்."

"எங்கப்பாவா?"

"தப்பா நெனைக்காத சாமி. நம்ம தொழிலு அது."

அவள் காபியைப் பாதியில் வைத்தாள். மேலே ஆடை படிந்திருந்தது. "நான் இனிமே வரலீங்கண்ணா" என்றாள்.

அவர் ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். கோபப்படுவார், திட்டுவார், வளர்த்துவிட்டவன் என்று சொல்லிக்காட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். "போயிட்டு வா கண்ணு. கதவு தொறந்தேதான் இருக்கும்" என்றார் அவர். அவள் படி இறங்கும்போது பின்னாலிருந்து, "அந்த ஜிகினாச் சேலைய மட்டும் தொவச்சுக் குடுத்துரு சாமி. அடுத்து வார புள்ளைக்கு வேணுமில்ல" என்றார்.

அந்தச் சேலை அவளுக்கு வரும்போதும் யாரோ துவைத்துக் கொடுத்ததுதான். அக்குளில் வேறொருத்தியின் வியர்வைக் கறை வட்டமாகப் போகாமல் இருந்தது. இப்போது அதற்கு மேல் அவளுடைய வட்டமும் இருந்தது. மூன்று தண்ணீர் மாற்றியும் அது போகவில்லை. அப்படியே மடித்து மருதம்மாள் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

*

தனியாக ஒரு பாட்டு. தன் பெயரில். அதில் இரண்டாவது சரணம் கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

பாட்டை அவளே எழுதினாள். மெட்டு, செக்கிங் மேசையில் வாய்க்குள்ளேயே போட்டது. பனியனின் கழுத்துக்குப் பின்னால் தைக்கும் லேபிள்தான் பாட்டின் பொருள்.

'கழுத்துக்குப் பின்னால ஒரு பேரிருக்கு,
நான் வாயால சொல்லாத பேரா இருக்கு'

என்று பல்லவி. முதல் சரணம் கப்பலேறிப் போகும் சட்டையைப் பற்றியது. யார் பாடினாலும் நன்றாக இருக்கும். சொல்ல வந்ததை எல்லாம் இரண்டாவது சரணத்தில்தான் வைத்திருந்தாள்.

'தும்முனா பஞ்சு, துப்புனா சாயம்,
தச்சவ பேரத் தைக்கல யாரும்.
எம் மூச்சத்தான் மடிச்சு வச்சேன்,
எடுத்துப் போட்டவனே, கழுத்துல உறுத்துதா?'

அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறையின் மாடியில் கவின் என்ற பையன் ஒலிப்பதிவு அறை வைத்திருந்தான். பையன் என்றால் இருபத்து மூன்று வயது, தாடி, இரண்டு கணினி. ஞாயிற்றுக்கிழமை கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கப் போய்விடுவான். மற்ற நாட்களில் கீழே பட்டறையில் குடம் தட்டும் சத்தம். அதனால் பட்டறைக்காரர்கள் சாப்பிடப் போகும் ஒரு மணி முதல் இரண்டு மணி வரைதான் பாட முடியும். ரோஸ்மேரி அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனாள்.

முதல் நாள் மைக் முன்னால் நின்றதும் அவள் குனிந்து முகர்ந்தாள்.

"ஏனுங்க்கா மைக்க மோந்து பாக்கறீங்க? மல்லிகப்பூவா அது?" என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து கவின் கேட்டான்.

"நாத்தம் இல்லையே" என்றாள். சொன்ன பிறகுதான் அதன் விசித்திரம் அவளுக்கே உறைத்தது. நாற்றம் இல்லாத மைக்கில் வாய் திறக்கக் கூச்சமாக இருந்தது.

"முழுசாப் பாட வேண்டியதில்லீங்க. ஒரு வரி பாடுங்க, நிறுத்துங்க, அடுத்த வரி பாடுங்க. எது நல்லா இருக்குதோ அத நான் ஒட்டிக்கறேன். இப்பெல்லாம் எல்லாரும் அப்படித்தானுங்க" என்றான் கவின்.

அப்படியே செய்தாள். ஐந்து மதியம். ஒரே வரியை இருபது முறை பாடிய நாளும் உண்டு. கடைசியில் அவன் ஒட்டிக் கொடுத்ததைக் கேட்டபோது இரண்டாவது சரணம் பளபளவென்று இருந்தது. அவள் குரல்தானா என்று ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகத்தை விழுங்கிக்கொண்டாள். நன்றாக இருக்கிறதே, அது போதாதா? அவளுடைய யூடியூப் பக்கத்தில் நாற்பத்து மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள். அதில் பதினொரு பேர் செக்கிங் பிரிவு. ஆயுத பூஜை அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குப் பாட்டை ஏற்றிவிடுவது என்று கவினோடு பேசி முடித்தாள்.

அதற்கு நாலு நாள் முன்னால் ஆறுமுகசாமி கூப்பிட்டார்.

"பாட்டு ரெடியாயிருச்சாமா கண்ணு? சந்தோசமுங்க. ஆயுத பூஜைக்கு ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனில நம்ம கச்சேரி. ஆயிரத்து இருநூறு பேரு உக்காந்திருப்பாங்க. உன்ற பாட்ட அங்கயே வந்து பாடி வெளியிட்டறலாம். என்ன சொல்ற?"

ஆயிரத்து இருநூறும் நாற்பத்து மூன்றும் தலைக்குள் மாறி மாறி ஓடின.

"ரெண்டாவது சரணத்துல பேரு வாசிப்பீங்களா?"

"இல்ல சாமி."

"ஒரு சீட்டுகூட?"

"சிவன்மலையாண்டவர் மேல சத்தியமா, வாயத் தொறக்க மாட்டேன்."

"ரோஸ்மேரின்னுதான் சொல்லணும்."

"அப்படியே சொல்லிருவோம்."

சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. வெளியே வந்தது எதற்கு, திரும்ப அதே மேடைக்கா? கூட்டம் என்றதும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடுகிறேனே. ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை.

*

கம்பெனியில் மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம் கதம்பம் சுற்றியிருந்தார்கள். பொரியும் சுண்டலும் தரையெல்லாம் சிந்தி மிதிபட்டுக் கூழாகிக் கிடந்தன. தையல் வரிசைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு பக்கம் ஒடிசா, பீகார்ப் பையன்கள் கூட்டமாக நின்று தாளத்துக்குத் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் முதலாளி குடும்பமும் நூல்காரர்களும் சாயப்பட்டறைக்காரர்களும் புதுச் சட்டைக் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில், அன்று அவருக்கு விடுமுறை என்பதால், ஆரோக்கியராஜும் வந்து உட்கார்ந்திருந்தார்.

மைக்கை வாங்கியதும் பழைய பஞ்சின் நாற்றம் முகத்தில் அடித்தது. அவளுக்குக் குமட்டவில்லை. மாறாகத் தொண்டை தானாகத் திறந்துகொண்டது. அதைக் கவனிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை.

"நம்ம ரோஸ்மேரி. நம்ம வீட்டுப் புள்ளை. தானே எழுதி, தானே பாடுன பாட்டு" என்று அறிவித்துவிட்டு ஆறுமுகசாமி ஒதுங்கினார். தட்டில் சீட்டுகள் குவிந்திருந்தன. அவர் அதைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றார்.

பல்லவி போயிற்று. முதல் சரணம் போயிற்று. தையல் வரிசைப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி தன் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டு லேபிளைத் தடவினாள். அதைப் பார்த்ததும் ரோஸ்மேரியின் வயிறு இழுத்துப் பிடித்தது. பூசையில் பாடும்போது பிடிக்கும் அதே பிடி.

கீபோர்டுக்காரர் இடையிசையை முடித்தார். இரண்டாவது சரணம்.

அவள் அரையடி பின்னால் நகர்ந்தாள்.

யாரும் கையை உயர்த்தவில்லை. யாரும் பேசவில்லை. கால் தானாகப் போயிற்று. குரல் தானாக இறங்கியது. தும்முனா பஞ்சு என்று உதடு அசைந்தது, வெளியே ஒன்றும் வரவில்லை. தபேலாவும் கீபோர்டும் மட்டும் வெறுமனே ஓடின. முன்னால் போ என்று தனக்குத்தானே சொன்னாள். கேட்டது, ஆனால் சொன்னதும் கேட்டதும் வேறு யாரோ போல இருந்தது. கூட்டத்திலிருந்து ஒருவன், "அக்கா, மைக் ஆஃபு" என்றான். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பழக்கம் விடாமல் ஆட்கள் டீ அண்டாவை நோக்கி நடந்தார்கள். அதில் அப்பாவின் வழுக்கையும் தெரிந்தது.

சரணம் முடிந்தது. கால் முன்னால் வந்தது. பல்லவியை அருமையாகப் பாடினாள். கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் ஆறுமுகசாமி தட்டை எடுத்தார். காத்திருந்த பெயர்களை எல்லாம் மூச்சுவிடாமல் வாசித்து முடித்து, அவளுக்குப் பொன்னாடை போர்த்தச் சொன்னார். அவள் மேடையை விட்டு இறங்கிப் பின்பக்கம் வெட்டுத்துணி மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போனாள். அவரும் பின்னாலேயே வந்தார்.

"நான் வாயே தொறக்கலியே கண்ணு" என்றார். அவர் கண்ணில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "சத்தியம் பண்ணுனேனில்ல. ஒரு சீட்டுகூட எடுக்கல. ஏனுங் கண்ணு அப்படிப் பண்ணிப்போட்ட?"

அவரை வெறுக்க ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. அவர் ஒன்றையும் கொடுக்கவில்லை. ரோஸ்மேரி திரும்பி ஒரு மூட்டையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். சுண்டல் வந்தது, காலைக் காபி வந்தது, கடைசியில் வெறும் கசப்பு வந்தது. ஆறுமுகசாமி, "தண்ணி கொண்டாங்கப்பா" என்று யாரையோ கூப்பிட்டார். பொன்னாடையின் ஓரத்தால் வாயைத் துடைத்துக்கொண்டு அவள் கவினைக் கூப்பிட்டாள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

"போடாத."

"ஏனுங்க்கா? எல்லாம் ஏத்தி வச்சுட்டேன். ரெண்டாவது சரணமெல்லாம் கண்ணாடியாட்டம் இருக்குது."

"அது நான் பாடுனதில்ல. நீ ஒட்டுனது."

*

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு அவள் அனுப்பர்பாளையத்து மாடியில் நின்றாள். கீழே சுத்தியல்கள் ஓய்ந்திருந்தன.

"ரெண்டாவது சரணத்த அழிச்சிரு. ஒரே மூச்சுல பாடறேன். அதுக்கு முன்னாடி உங்கிட்ட கறுப்பு டேப் இருக்கா?"

மைக்குக்கு முன்னால் தரையில் ஒரு கோடு ஒட்டச் சொன்னாள். கால் விரல் அந்தக் கோட்டில் இருக்க வேண்டும்.

"நீ இந்தப் பக்கம் வந்து நின்னு பேரு வாசி."

"என்ன பேருங்க்கா?"

"எதையாவது. உன் போன்ல இருக்கிற பேர வாசி. அதிபர், வள்ளல்னு முன்னாடி சேத்துக்க."

கவினுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைத் திறந்தான். "வாட்டர் கேன் அதிபர் முருகானந்தம் அவர்கள். கொடை வள்ளல் இ.பி. லைன்மேன் அவர்கள்..."

ரோஸ்மேரி சரணத்தை எடுத்தாள். கால் கோட்டை விட்டுப் பின்னால் போயிருந்தது.

"போயிட்டீங்க்கா."

மறுபடி. மறுபடி. எட்டாவது தடவை கோட்டிலேயே நின்றாள், குரல் இறங்கிவிட்டது. ஒன்பதாவது தடவை குரல் இறங்காமல் நின்றது, மெட்டு பிசகியது. தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். பத்து வருஷம் இவற்றின் மேல்தான் நின்றிருந்தாள். இவை யார் பேச்சைக் கேட்டு நகர்கின்றன என்று ஒருநாளும் கேட்டதில்லை. வேறொருவர் வளர்த்த நாய்க்குத் தன் வீட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. கவின் வாசிக்கப் பெயர் தீர்ந்துபோய், கூரியர் ஆபீஸையும் சமையல் கேஸ்காரரையும் இரண்டாம் முறை வள்ளல் ஆக்கினான்.

பதினேழாவது தடவை அவன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் அவன் மேல் ஏறி நின்றது. அவனே வாயை மூடிக்கொண்டான். ஓடிப் போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, பாடுங்கள் என்று கை காட்டினான்.

அவள் தொடங்கி இரண்டு வரி போயிருக்கும். கீழே மணி இரண்டு ஆகியிருந்தது. முதல் சுத்தியல் ஒரு குடத்தின் மேல் விழுந்தது. கவின் இரண்டு கையையும் ஆட்டி நிறுத்தச் சொன்னான். அவள் நிறுத்தவில்லை. சுத்தியல் சத்தம் இரண்டாகி, நாலாகி, தன் தாளத்தில் போயிற்று. அவள் தன் தாளத்தில் கடைசி வரியைப் பாடி முடித்தாள்.

"சத்தம் உள்ள வந்துருச்சுங்க்கா. நாளைக்கு இன்னொருக்கா எடுத்துக்கலாம்."

"போட்டுக் காட்டு."

கேட்டாள். அவளுக்குப் பிடிக்கவில்லை. கரகரவென்று, செக்கிங் மேசையில் பத்து வருஷம் மூச்சோடு போன பஞ்செல்லாம் அடியில் தங்கிய மாதிரி ஒரு குரல். பூசையில் பாடிய சிறுமியின் குரலும் இல்லை, கந்தலயா ரோஜாவின் குரலும் இல்லை. 'உறுத்துதா' என்னும் இடத்தில் ஒரு எச்சில் விழுங்கும் சத்தம்கூடக் கேட்டது. தான் தைத்த துணியைத் தானே திருப்பிப் பார்க்கிற கண்ணோடு கேட்டாள். அம்புக்குறி ஒட்ட ஆறேழு இடம் இருந்தது.

"இதையே போடு" என்றாள்.

*

முதல் வாரத்தில் நூற்றுப் பதினெட்டுப் பேர் பார்த்திருந்தார்கள். அதில் பாதி சித்ராதேவியாகவே இருக்கலாம். கீழே கருத்துகள் ஐந்து. 'பின்னாடி என்ன கிச்சன் சத்தம்?' என்று ஒருவர். 'கந்தலயா ரோஜா அக்கா, பழைய பாட்டு ஏதாவது பாடுங்க, இது வேண்டாம்' என்று ஒருவர். ஆறுமுகசாமி வார்த்தை ஏதுமில்லாமல் கூப்பிய கைப் படம் இரண்டைப் போட்டிருந்தார். அவர் இரண்டாவது சரணம் வரை கேட்டாரா என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க வாய்க்குள் கசந்தது. அழித்துவிடலாமா என்று நினைத்தாள், அழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, லைன் வீட்டின் ஒற்றை அறையில் அப்பாவை உட்கார வைத்தாள். சத்தம் தூக்கலாகக் கேட்க, போனை ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தினாள். ஆரோக்கியராஜ் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பல்லவிக்குத் தலையாட்டினார். முதல் சரணத்தில் தடித்த உள்ளங்கையால் தொடையில் தாளம் போட்டார். இடையிசை முடியும் நேரம் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றினார்.

"எங்க எந்திரிக்கிறீக?"

"டீ வச்சுட்டு வாரேன் ஆத்தா. ஒனக்கும் சேத்து."

"உக்காருங்கப்பா. இன்னும் இருக்கு."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, என்ன செய்வதென்று தெரியாதவர்போல, மெல்லத் திரும்ப உட்கார்ந்தார். டம்ளருக்குள்ளிருந்து சுத்தியல் சத்தத்தோடு அவள் குரல் வந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டார்.

"இந்த எடத்துல பேரு வாசிக்க மாட்டாகளா?" என்றார்.

"இல்லப்பா. கேளுங்க."